‘இட்’ நிற்கும் இடம்



ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு மூலையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் யார் யார் வரலாம், எந்த வரிசையில் வரலாம் என்பதுதான் பொருள். ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொற்கள் ஒரு பக்கம். ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’ என்ற பிரதிப்பெயர்கள் இன்னொரு பக்கம். ‘டு’ என்ற துணையில்லாமல் வெறுமனே வந்து நிற்கும் ‘கோ’, ‘சிங்’ போன்ற வினைகள் மூன்றாவது. பாடநூலில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்களில் வரும். ஒன்றுக்கொன்று உறவு உண்டு என்றே மாணவருக்குத் தோன்றாது. உறவு உண்டு, அதைக் காட்டிக்கொடுப்பது நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் பிரதிப்பெயர்தான் என்பது என் கட்சி.

‘விளக்கை அணை’ என்பதில் தொடங்குவோம். ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்றால் சரி. ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றாலும் சரி. இப்போது விளக்கை எடுத்துவிட்டு ‘இட்’ என்று போடுங்கள். ‘டர்ன் இட் ஆஃப்’ சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. முதல் மூன்றும் சரியாக இருக்கும்போது நான்காவது மட்டும் ஏன் தவறு? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரைக் கேட்டால், ‘அப்படிச் சொல்லமாட்டோம்’ என்பார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியாது. நம் மாணவனுக்கு அந்தப் பதில் போதாது. அவனுக்குக் காரணம் வேண்டும்.

காரணம் இதுதான். ஆங்கில வாக்கியம் தன் கடைசி இடத்தைப் புதுச் செய்திக்காக ஒதுக்கி வைக்கும். குரலின் அழுத்தமும் பெரும்பாலும் அங்கேதான் விழும். ‘இட்’ என்று சொல்லும்போதே, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அதில் புதுச் செய்தி ஏதுமில்லை, அழுத்தமும் இல்லை. அதனால் அது வினையை ஒட்டிக்கொண்டு நடுவில் ஒதுங்கி நிற்கிறது. ‘ஆஃப்’ கடைசிக்கு வந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘டர்ன் இட் ஆஃப்’. குரல் ஏறுவது ‘ஆஃப்’ மேல்தான்.

இதே விதியைத் தலைகீழாகவும் சோதிக்கலாம். ஒரு பெண் தனக்கு வந்த வேலையை மறுத்துவிட்டாள். ‘ஷி டர்ன்ட் இட் டவுன்’. ஆனால் அந்த வேலை, அவள் தந்தை முப்பது ஆண்டுகள் உழைத்த கம்பெனி தானாகவே முன்வந்து கொடுத்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீளத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ‘டவுன்’ என்று ஒற்றைச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தால் கேட்பவர் மூச்சு வாங்குவார். அங்கே ‘டர்ன்ட் டவுன்’ என்று முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் நீளத்தை அவிழ்க்க வேண்டும். செயப்படுபொருள் கனத்தால் கடைசிக்குப் போகும், இலேசானால் நடுவுக்கு வரும். ‘இட்’டைவிட இலேசான சொல் ஆங்கிலத்தில் ஏது?

‘அப்படியானால் லுக் ஆஃப்டர் ஹெர் என்கிறோமே, அங்கே ஹெர் கடைசியில்தானே நிற்கிறது?’ என்று வகுப்பில் ஒரு மாணவி கட்டாயம் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அங்கே ‘ஆஃப்டர்’ என்பது ‘ஹெர்’ருக்குச் சொந்தமான பிரெபொசிஷன். தன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் அது நிற்க வேண்டும். ‘டர்ன் ஆஃப்’ என்பதில் வரும் ‘ஆஃப்’ வினைக்குச் சொந்தம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஒரே சிறுசொல் ஓரிடத்தில் வினையின் பக்கமும் இன்னோரிடத்தில் பெயரின் பக்கமும் சாயும் என்பதால்தான் குழப்பமே வருகிறது.

இதற்கு மிக அழகான சோதனை ஒன்று இலக்கண வகுப்புகளில் வெகுகாலமாக வழங்குகிறது. ‘ஹி ரேன் அப் எ பிக் ஹில்’ என்றால் பெரிய குன்றின் மேல் ஓடினான். ‘ஹி ரேன் அப் எ பிக் பில்’ என்றால் கடையில் கடனை ஏற்றிவிட்டான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். மேலுக்குப் பார்த்தால் இரண்டு வாக்கியங்களின் அமைப்பும் ஒன்றே. பிரதிப்பெயரைப் போட்டதும் குட்டு வெளிப்படுகிறது. குன்றுக்கு ‘ஹி ரேன் அப் இட்’. கடனுக்கு ‘ஹி ரேன் இட் அப்’. மாற்றிச் சொல்ல முடியாது. பெயர்ச்சொல் இருக்கும்வரை மறைந்திருந்த இலக்கணம், பிரதிப்பெயர் வந்ததும் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. இந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாடவேளை நடத்தலாம்.

இந்தச் சிறுசொற்கள் வினைக்குப் பின்னால் வந்தது எப்படி? பழைய ஆங்கிலம் ஜெர்மன் மொழியின் உறவு. அங்கே முன்னொட்டுகள் வினையின் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ‘ஃபர்கிவ்’, ‘வித்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’ போன்றவை அந்தக் காலத்தின் எச்சங்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. பழைய முன்னொட்டுகளை வைத்துப் புதுச்சொல் ஆக்கும் பழக்கம் தளர்ந்தது. அதற்கு முன்பே வட இங்கிலாந்தில் குடியேறியிருந்த ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் சிறுசொல் வினைக்குப் பின்னால் வரும் வழக்கு வலுவாக இருந்தது. அதன் சாயலும் ஆங்கிலத்தில் படிந்தது என்று மொழிநூலார் பலர் கருதுகிறார்கள். இப்படியாக, முன்னால் இருந்தது பின்னுக்கு வந்தது.

பல இடங்களில் இரண்டும் இன்றைக்கும் அருகருகே வாழ்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரு பஸ் இன்னொன்றை முந்தினால் ‘ஓவர்டேக்’. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினால் ‘டேக் ஓவர்’. இந்த இரண்டையும் தமிழ் பேசும்போதே நாம் சரளமாகச் சொல்கிறோம். அதே இரண்டு துண்டுகள்தான் இடம் மாறி நிற்கின்றன என்பதை யாரும் நின்று கவனிப்பதில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை உறுதிசெய்தால் ‘அப்ஹோல்ட்’. மழையில் போக்குவரத்து மணிக்கணக்கில் தேங்கினால் ‘ஹோல்ட் அப்’. அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டால் ‘அண்டர்கோ’. வியாபாரம் மூழ்கினால் ‘கோ அண்டர்’. சிறுசொல்லின் இடம் மாறினால் பொருள் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தச் சேர்க்கைகள் பிறமொழியாளரை எவ்வளவு படுத்துகின்றன என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதுதான் அயலார்க்குப் பெரிய இடர் என்று எடுத்துக்காட்டுகளோடு குறிப்பிட்டார். அதனாலேயே அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தார். இதற்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது மிகப் பின்னால். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதற்கு அடுத்து நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமான கதை. 1930இல் சி. கே. ஆக்டன் என்ற அறிஞர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை வெளியிட்டார். மொத்தமே 850 சொற்கள். அவற்றில் வினைகள் வெறும் 18: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் போன்றவை. இந்தப் பதினெட்டோடு திசைகாட்டும் சிறுசொற்களைச் சேர்த்தால் மற்ற ஆயிரக்கணக்கான வினைகள் தேவையில்லை என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ வேண்டாம், ‘புட் ஆஃப்’ போதும். ‘சரண்டர்’ வேண்டாம், ‘கிவ் அப்’ போதும். ‘எக்ஸ்டிங்விஷ்’ என்று நாக்கு சுளுக்க வேண்டாம், ‘புட் அவுட்’ இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில்கூட இந்தத் திட்டத்தைப் புகழ்ந்தார்.

ஆனால் கணக்கு எங்கே இடித்தது? ‘புட்’ தெரிந்த மாணவனுக்கு ‘ஆஃப்’பும் தெரிந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் ‘தள்ளிப்போடு’ என்ற பொருள் வரும் என்பதை அவனால் ஊகிக்க முடியுமா? ‘மேக் அப்’ என்ற ஒன்றை மட்டும் பாருங்கள். முகத்துக்கு ஒப்பனை செய்தாலும் அதுதான். இல்லாத கதையைக் கட்டினாலும் அதுதான். சண்டை போட்ட இருவர் சமாதானமானாலும் அதுதான். விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டினாலும் அதுதான். பட்டியலில் இவை எதுவும் ஏறாது. ‘மேக்’ ஒன்று, ‘அப்’ ஒன்று, ஆக இரண்டு சொற்கள்தான் கணக்கு. படிப்பவன் தலையிலோ நான்கு சொற்கள் ஏற வேண்டும். ஆக்டனின் 850க்குள் ஒளிந்திருந்த சொற்கள் வெளியே தெரிந்தவற்றைவிடப் பல மடங்கு. ஒரு வினையைத் தெரிந்துகொள்வது என்றால் அதன் கூட்டாளிகளோடு தெரிந்துகொள்வதுதான் என்பதை, அதற்கு நேர்மாறான நோக்கத்தோடு புறப்பட்ட அந்தத் திட்டமே நிரூபித்துக் காட்டியது.

இந்தச் சிறுசொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண வினையடைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அவள் நன்றாக ஆங்கிலம் பேசுவாள்’, ‘ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்’ என்று தமிழில் எப்படிச் சொன்னாலும் செல்லும். ஆங்கிலத்தில் ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’ மட்டும்தான். ‘ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ என்றால் தவறு. பிரெஞ்சில் அதுதான் சரி. ஆங்கில வினையும் அதன் செயப்படுபொருளும் நடுவில் வினையடை நுழைவதைப் பொறுப்பதில்லை. ‘ஐ லைக் வெரி மச் திஸ் ஃபில்ம்’ என்று எழுதும் மாணவன் இடறுவது இந்த இடத்தில்தான். அதே நடுவிடத்தில் ‘ஆஃப்’, ‘டவுன்’ போன்றவை மட்டும் உரிமையோடு நுழைந்துகொள்கின்றன. அவையும் வினையடைகளே என்று பழைய இலக்கண நூல்கள் சொன்னாலும், ‘வெல்’லுக்குக் கிடைக்காத இடம் அவற்றுக்குக் கிடைப்பதைப் பார்த்தால் அவற்றைத் தனி இனமாக வைப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இனி ‘டு’ இல்லாத இன்ஃபினிடிவ். நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘ஹி மேட் மீ டு வெயிட்’ என்று எழுதுகிறார்கள். ‘லெட் ஹிம் டு கோ’ என்று எழுதுகிறார்கள். நாம் சிவப்பு மையால் ‘டு’வை அடித்துவிட்டுப் போகிறோம். ‘ஹி வாண்டட் மீ டு வெயிட்’ என்பதில் மட்டும் அதே ‘டு’ ஏன் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு இன்ஃபினிடிவ்கள் இருந்தன. ‘பாட’ என்பதற்கு ‘சிங்கன்’ என்று ஒன்று; ஈற்றில் உள்ள ‘அன்’தான் அதன் அடையாளம். ‘பாடுவதற்கு’ என்பதற்கு ‘டு சிங்கென்னெ’ என்று இன்னொன்று. இரண்டாவதில் ‘டு’ என்பது ‘ஆக, நோக்கி’ என்ற பொருளுள்ள முழு உயிருள்ள பிரெபொசிஷன்; அதற்கேற்ப வினையும் நான்காம் வேற்றுமை வடிவம் எடுத்தது. நூற்றாண்டுகள் போகப்போக ஈறுகள் தேய்ந்தன. ‘சிங்கன்’ தேய்ந்து ‘சிங்’ ஆயிற்று. ஈறு போன பின் இன்ஃபினிடிவ் என்று காட்ட அடையாளம் இல்லாமல் போகவே, ‘டு’ மெல்ல மெல்ல எங்கும் பரவி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ‘கேன்’, ‘வில்’, ‘மே’ போன்ற துணைவினைகளுக்குப் பின்னாலும், ‘லெட்’, ‘சீ’, ‘ஹியர்’ போன்ற சில பழைய வினைகளுக்குப் பின்னாலும் மட்டும் அது நுழையவில்லை. அங்கே பழைய ‘சிங்கன்’ ஈறு தேய்ந்த நிலையில் இன்றும் நிற்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது ‘செய’ என்று ஒன்றையும் ‘செயற்கு’ என்று ஒன்றையும் தனித்தனியாகச் சொல்கிறார். ‘செயற்கு’ என்பதில் நான்காம் வேற்றுமைக் ‘கு’ வெளிப்படையாக இருக்கிறது. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள், வெறும் எச்சம் ஒன்று, நான்காம் வேற்றுமை தாங்கிய எச்சம் ஒன்று என்று ஒரே பாகுபாட்டைச் செய்திருக்கின்றன. ‘அவனைப் போக விடு’ என்கிறோம். ‘போவதற்கு விடு’ என்பதில்லை. ‘லெட் ஹிம் கோ’. ‘அவள் பாடக் கேட்டேன்’ என்கிறோம். ‘ஐ ஹெர்ட் ஹெர் சிங்’. தமிழில் ‘செய’ எச்சம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் எப்போதும் ‘டு’ வராது என்று விதி செய்துவிட முடியாது. ‘வர விரும்பினான்’ என்பதற்கு ‘வாண்டட் டு கம்’ என்றுதான் சொல்ல வேண்டும். என்றாலும் விடுதல், காணுதல், கேட்டல் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒப்புமை வகுப்பில் நன்றாக உதவும்.

ஒரு வேறுபாட்டையும் காட்டிவிட வேண்டும். ‘அவள் பாட’ என்பதில் ‘அவள்’ எழுவாய் வடிவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷி’ வராது, ‘ஹெர்’ வரும். அந்த ‘ஹெர்’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘கேட்டேன்’ என்பதற்குச் செயப்படுபொருள். ‘பாட’ என்பதற்குப் பாடும் ஆள். ‘ஹெர்’ருக்கும் ‘சிங்’குக்கும் இடையே உள்ள, எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ளது போன்ற உறவுக்கு டென்மார்க்கு நாட்டு இலக்கண மேதை ஆட்டோ யெஸ்பர்சன் ‘நெக்சஸ்’ என்று பெயர் வைத்தார். வினைக்குப் பின்னால் நிற்கும் இடம் செயப்படுபொருளின் இடம். அங்கே நிற்பவர் பாடுகிறவராக இருந்தாலும் ‘ஹெர்’ என்ற உடையைத்தான் அணிய வேண்டும். ஈறுகளை இழந்த மொழியில் இடமே வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது.

செயப்பாட்டு வினையில் மட்டும் ‘டு’ திரும்பி வருகிறது. ‘தே மேட் ஹிம் வெயிட்’; ஆனால் ‘ஹி வாஸ் மேட் டு வெயிட்’. ‘வி சா ஹிம் என்டர்’. ஆனால் ‘ஹி வாஸ் சீன் டு என்டர்’. வினைக்கும் வெறும் இன்ஃபினிடிவுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைத்த ‘ஹிம்’ எழுவாயாகி முன்னால் போய்விட்டது. நடுவிடம் காலியானதும் அங்கே ‘டு’ வந்து நிற்கிறது. இதை வரலாற்றுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நினைவில் வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

‘மேக்’ விஷயத்தில் மாணவரிடம் கொஞ்சம் கருணையும் வேண்டும். ‘செய்வி’ என்ற பொருளில் இந்த வினை ‘லெட்’டைவிடப் பிந்தி வழக்குக்கு வந்தது, நெடுங்காலம் ‘டு’வோடும் ‘டு’ இல்லாமலும் வழங்கியது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தை எடுத்து 23ஆம் சங்கீதத்தைப் பாருங்கள்: ‘மேக்’குக்குப் பின்னால் ‘டு’ நிற்கிறது. நம் மாணவன் எழுதுவது அன்றைக்கு நல்ல ஆங்கிலம். இன்றைய வழக்கு அதைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். ‘ஹெல்ப்’ இன்னும் இரண்டு பக்கமும் நிற்கிறது: ‘ஹெல்ப் ஹிம் ஃபைண்ட்’, ‘ஹெல்ப் ஹிம் டு ஃபைண்ட்’ இரண்டும் சரி, அமெரிக்கர்கள் முதலாவதையே அதிகம் விரும்புகிறார்கள். அனுமதி, கட்டாயம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்த ‘அலவ்’, ‘பர்மிட்’, ‘ஃபோர்ஸ்’, ‘கம்பெல்’ எல்லாம் ‘டு’ கேட்கும்.

வினையை இப்படிக் கூட்டாளிகளோடு பார்க்கும் பார்வை பாடநூலுக்குள் வந்தது, வெளிநாட்டு மாணவருக்குப் பாடம் சொன்னவர்களால்தான். ஹாரல்டு பாமர் 1922இல் ஜப்பானுக்குப் போனார். ஏ. எஸ். ஹார்ன்பி 1924இல் அங்கே ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். ஜப்பானிய மாணவர்களோடு மல்லாடியபோது, அகராதி தரும் பொருளை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூட எழுத முடியவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். எந்த வினைக்குப் பின்னால் ‘டு’ வரும், எதற்கு வராது, எங்கே பிரதிப்பெயர் நடுவில் நிற்கும் என்பதை வினைதோறும் குறித்துவைத்தார்கள். அந்த உழைப்பில் பிறந்த ஹார்ன்பியின் அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சானது. போருக்குப் பின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. நம் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அகராதியின் மூலம் அதுவே.

அந்த அகராதி நம் நூலக அலமாரியில் இருக்கிறது. நம் கேள்வித்தாளோ இன்னமும் ‘புட் ஆஃப்: பொருள் எழுதுக’ என்றுதான் கேட்கிறது. மாணவன் ‘தள்ளிப்போடு’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறான். அடுத்த நாள் ‘புட் ஆஃப் இட்’ என்று கடிதம் எழுதுகிறான். எனக்கு இது பொறுக்கவில்லை. ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குறிப்பேட்டில் வினையைத் தனியாக எழுதச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு பிரதிப்பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். ‘புட் இட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர் இட்’. ‘புட் அப் வித் இட்’. ‘மேக் ஹிம் கோ’. ‘வாண்ட் ஹிம் டு கோ’. ‘ஹாவ் ஹிம் கால்’. ‘கெட் ஹிம் டு கால்’. கடைசி இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருள்தான், ‘அவனைக் கூப்பிடச் சொல்’. ஆனாலும் ஒன்றுக்கு ‘டு’ இல்லை, மற்றதற்கு உண்டு. அப்படியே எழுதி, அப்படியே வாய்விட்டுச் சொல்லிப் பழகிய மாணவி ‘டு’ எங்கே வரும் என்று விதியைத் தேடிக்கொண்டிருக்கமாட்டாள்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றலாம். ஒரு பத்தியைக் கொடுங்கள். அதில் வரும் பெயர்ச்சொற்களுக்குப் பதிலாக ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ போட்டு முழுப் பத்தியையும் திரும்ப எழுதச் சொல்லுங்கள். குன்றில் ஓடியவனும் கடனை ஏற்றியவனும் அதில் இருக்கட்டும். திருத்தும்போது நீங்கள் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இட்’ எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே.